இடது கையால் புகழ் பெற்ற பழனி சுப்பிரமணிய பிள்ளை

பழனி என்றால் நமக்கு முருகன் நினைவு வரும். பஞ்சாமிர்தம் நினைவு வரும். காவடி நினைவு வரும்.

சங்கீத ரசிகர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது மிருதங்க நாதம்!

காரணம், ஒரே ஒரு மனிதர். அவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. ரசிகர்கள் அவரை அன்போடு பழனி சுப்புடு என்று அழைத்தார்கள்.

சென்ற நூற்றாண்டின் மிருதங்க மேதைகள் யார் என்று கேட்டால் மூன்று பெயர்களைச் சொல்வார்கள். பாலக்காடு மணி அய்யர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, ராமநாதபுரம் முருகபூபதி. இந்த மூவரையும் மிருதங்கத்தின் மும்மூர்த்திகள் என்று போற்றுவது வழக்கம்.

இந்த மூவரில் பழனிக்கு மட்டும் ஒரு பெரிய தடை இருந்தது. மற்ற இருவருக்கும் அது இல்லை.

அவர் இடது கைக்காரர்!

அந்தத் தடையைத் தாண்டி அவர் எப்படி முன்னுக்கு வந்தார்? தம்முடைய திறமையால் மட்டும் வந்தாரா? கற்றுக் கொடுத்தவர்களால் வந்தாரா? மேடையில் கூட உட்கார்ந்தவர்கள் கை கொடுத்ததால் வந்தாரா?

விளையாட்டு ரசிகர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 5 பேர். ஒருவர் கூடையில் பந்தைப் போடுகிறார். எல்லோரும் அவரைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். ஆனால் அவர் கைக்குப் பந்தைக் கொடுத்தவர் யார்? எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பயிற்சியாளர் யார்?

கச்சேரி மேடையும் அப்படித்தான். சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்கிறது.

தவில் வீட்டுப் பிள்ளை

சுப்பிரமணிய பிள்ளை 1908-ம் ஆண்டு பழனியில் பிறந்தார். அப்போது பழனி, மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். திண்டுக்கல் மாவட்டம் உண்டானது 1985-ல்தான்.

பழனியில் தாளத்துக்குப் பஞ்சம் கிடையாது. மலைக்கோவிலில் நாகசுரமும் தவிலும் ஒலிக்கும். தைப்பூசம் வந்தால் காவடிகள் ஆடிக்கொண்டு வரும். பம்பையும் உருமியும் அடிவாரத்தை அதிர வைக்கும்.

அவருடைய தந்தை முத்தையா பிள்ளை. தவிலும் மிருதங்கமும் தெரிந்த வித்துவான். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் பாடம் கேட்டவர். தாளக் கணக்கில் கெட்டிக்காரர்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பொம்மை தேவையா? கை எட்டுகிற இடத்தில் எல்லாம் தாளம்தான்!

ஆனால் அந்தச் சிறுவனுக்கு முதலில் நீண்டது இடது கை.

தந்தைக்கு வந்த கவலை

அந்தக் காலத்தில் இடது கைப் பழக்கம் உள்ள குழந்தை என்றால் வீட்டில் அடி விழும். சோறு சாப்பிடும் கை வேறு, பீச்சாங்கை வேறு. பெரியவர்களுக்கு இடது கையால் ஒன்றைக் கொடுத்தாலே மரியாதைக் குறைவு. அப்படி இருக்க, தெய்வீகமாக நினைக்கும் மிருதங்கத்தை இடது கையால் வாசிப்பதா?

மகன் இடது கைக்காரன் என்பதால் அவனுக்குப் பாடம் சொல்ல முத்தையா பிள்ளை முதலில் தயங்கினார் என்று சங்கீத உலகில் சொல்வார்கள். அவருடைய தயக்கம் வெறும் மூடநம்பிக்கை அல்ல. அதற்கு ஒரு தொழில் காரணமும் இருந்தது.

மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். ஒன்று வலந்தலை. இன்னொன்று தொப்பி.

வலந்தலையின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். அதற்குக் கரணை என்று பெயர். மீட்டு, சாப்பு முதலிய நுட்பமான சொற்கள் எல்லாம் இந்தப் பக்கத்தில்தான் பிறக்கும். வலது கையால் வாசிப்பதால் அதற்கு வலந்தலை என்று பெயர்.

தொப்பிப் பக்கத்தில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள். ஆழமான ஓசை அங்கிருந்து வரும். உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தால் புறா குமுறுவது போல ஒரு நாதம் எழும். அதற்குக் கும்கி என்று பெயர்.

இடது கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். வலந்தலை இடது கைக்கு வரும். தொப்பி வலது கைக்குப் போகும்.

அதனால் என்ன கெட்டுப் போகிறது? வீட்டில் ஒன்றும் கெடாது. மேடையில்தான் வந்தது வினை!

ஓர் இடத்துக்காக வந்த தகராறு

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. பாடகர் நடுவில் இருப்பார். அவருக்கு வலது பக்கம் மிருதங்கம். இடது பக்கம் பிடில். இருவரும் பாடகரைப் பார்த்தபடி உட்காருவார்கள்.

அப்படி உட்கார்ந்தால் மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். நுட்பமான சொற்கள் எல்லாம் ரசிகர்களின் காதில் நேராக விழும்.

இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்க்கும். தொப்பி சபையைப் பார்க்கும். வாசிப்பின் அழகு பாதி மறைந்து போகும்.

ஆகவே அவர் பாடகருக்கு இடது பக்கம் உட்கார வேண்டும். அப்படியானால் பிடில் வித்துவான் எழுந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும்!

பிடில் வித்துவான் ஏன் போக வேண்டும்? அவருக்கும் பழகிய இடம் ஒன்று உண்டு. பழகிய பார்வை உண்டு. இடம் மாறினால் பிடில் சபைக்குக் காட்டும் பக்கமும் மாறிவிடும். அதோடு கவுரவமும் சேர்ந்து கொண்டது. ஓர் இளம் மிருதங்கக்காரனுக்காக மூத்த வித்துவான் இடம் மாறுவதா?

பலர் மறுத்தார்கள். கச்சேரி ஏற்பாடு செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தலைவலி. வேறு மிருதங்கம் கிடைக்காமலா போகும்?

இப்படி, வாசிக்கத் தெரிந்தும் வாசிக்க இடம் இல்லாத நிலை ஏற்பட்டது. சுப்பிரமணிய பிள்ளையின் வாழ்க்கையில் இதுதான் பெரிய சோதனை.

புதுக்கோட்டைக் கணக்கு

அந்தச் சோதனைக் காலத்தில் அவருக்குத் துணை நின்றது அவர் கற்ற பாடம்.

அந்தப் பாடத்தின் ஊற்று மான்பூண்டியா பிள்ளை. இவர் புதுக்கோட்டைக்காரர். கஞ்சிரா என்ற சின்ன வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் இவரே. ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய சிறு வளையம் அது. விளிம்பில் காசுகள் கலகலக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய பெரிய மிருதங்க வித்துவான்களை அவர் அசர வைத்தார். 1922-ல் காலமானார்.

அவர் வகுத்த வழிக்குப் புதுக்கோட்டை வழி என்று பெயர். தவில்காரர்களின் தாளக் கணக்கு அதற்கு அடிப்படை. வலது, இடது எந்தக் கையாக இருந்தால் என்ன, கணக்குக்குக் கை கிடையாதே!

கணக்கு என்றால் என்ன? ஒரு சின்ன உதாரணம் பார்க்கலாம்.

ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. ஓர் எண்ணிக்கைக்கு 4 மாத்திரை வைத்தால் மொத்தம் 32 மாத்திரை. ததிகிணதொம் என்ற சொல்லுக்கு 5 மாத்திரை. அதை இரண்டு முறை சொன்னால் 10. இந்தப் பத்தை மூன்று முறை வாசித்தால் 30. நடுவில் இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை மூச்சு விட்டால் 32. தாளம் சரியாக முடிந்து அடுத்த தட்டு தொடங்கும் இடத்துக்கு வந்து விடும்.

இது குழந்தைக் கணக்கு. வித்துவான்கள் இதைப் பல மடங்கு பெரிதாக்கி, வேகமாக, மனத்துக்குள்ளேயே போட வேண்டும். காகிதமும் கிடையாது, பென்சிலும் கிடையாது. ஒரு மாத்திரை தவறினாலும் சபையில் மானம் போகும்.

தந்தை முத்தையா பிள்ளை மனம் இரங்கி மகனுக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கணக்கைத்தான்.

இரண்டாவது குரு

தந்தைக்கு அடுத்தபடி இன்னொரு பெரியவர் அவருக்கு வழி காட்டினார். அவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. இவரும் மான்பூண்டியா பிள்ளையின் சீடர். கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் சிங்கம். காஞ்சீபுரம் நயினா பிள்ளையின் கச்சேரிகளில் மேடை நிறைய வாத்தியங்கள் இருக்கும். அந்தக் கூட்டத்தில் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிரா தனியாகப் பேசும்.

இவ்வளவு பெரியவர், இளைஞர்களைக் கண்டால் அடக்கி வைக்க நினைத்தாரா? இல்லை! சிறு பையனாக மேடை ஏறிய பாலக்காடு மணி அய்யருக்கு உற்சாகம் கொடுத்தவரும் இவர்தான். சுப்பிரமணிய பிள்ளைக்குச் சீடனுக்கு உரிய இடத்தைக் கொடுத்தவரும் இவர்தான்.

நல்ல ஆசான் பாடம் மட்டும் சொல்லித் தருவதில்லை. இந்தப் பையன் என்னுடையவன் என்று ஊருக்குச் சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

தட்சிணாமூர்த்திப் பிள்ளை 1936-ல் மறைந்தார். அப்போது சுப்பிரமணிய பிள்ளைக்கு 28 வயது. கை தேர்ந்து விட்டது. கணக்கு படிந்து விட்டது. ஆனால் மேடையில் உட்காரும் இடம் என்ற பழைய சிக்கல் ஓயவில்லை.

அதைத் தீர்க்க ஆசானால் மட்டும் முடியாது. மேடையின் நடுவில் உட்காருகிறவர் மனம் வைக்க வேண்டும்.

செம்பை மனம் வைத்தார்

அப்படி மனம் வைத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர்.

செம்பை, பாலக்காட்டுப் பக்கத்து ஊர். பாகவதருக்கு வெண்கலக் குரல். பின்னாளில் பாடகர் யேசுதாசுக்குக் குருவாக இருந்தவரும் இவரே.

பாகவதருக்கு மிருதங்கத்துக்கு ஆள் இல்லாமல் இல்லை. பாலக்காடு மணி அய்யர் அவர் பக்கத்தில் இருந்து புகழ் பெற்றவர்தான். அது போதும் என்று அவர் இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் பாகவதருக்கு ஒரு குணம். திறமை எங்கே இருந்தாலும் அதைத் தூக்கி விடுவார். சாதி பார்க்க மாட்டார். ஊர் பார்க்க மாட்டார். கை பார்க்க மாட்டார்!

பழனி சுப்பிரமணிய பிள்ளையைத் தம் கச்சேரிகளுக்கு அவர் விரும்பி அழைத்தார். இடது கை என்பதற்காக அந்த வாய்ப்பைப் பறிக்க அவர் சம்மதிக்கவில்லை. முன்னணியில் இருக்கும் ஒரு பாடகரே ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர்கள் எவ்வளவு நாள் மறுக்க முடியும்?

மேடையில் இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். செலவு ஒன்றும் இல்லை. சிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சின்ன மாற்றத்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை மாறியது.

ரசிகர்கள் கேட்டார்கள். வலந்தலை சபையைப் பார்த்துப் பேசியது. ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாக வந்து விழுந்தது. வாசிப்பது எந்தக் கை என்பதையே மறந்து விட்டார்கள்.

போட்டியும் நட்பும்

பாலக்காடு மணி அய்யர், சுப்பிரமணிய பிள்ளையை விட 4 வயது இளையவர். ஆனால் சிறு வயதிலேயே உச்சிக்குப் போனவர். ஒரே தொழில். ஒரே காலம். இப்படி இருவர் இருந்தால் பொறாமை வரும் என்பார்கள்.

இங்கே நடந்தது வேறு. மணி அய்யர் மிருதங்கம் வாசிக்க, பழனி பக்கத்தில் இருந்து கஞ்சிரா வாசித்த கச்சேரிகள் உண்டு. கஞ்சிராவுக்கு வலந்தலை, தொப்பி என்ற வம்பு கிடையாது. யாரையும் இடம் மாறச் சொல்ல வேண்டாம். அதிலும் அவர் தனிப் பெயர் வாங்கினார்.

தனி ஆவர்த்தனம் வரும்போது பாடகரும் பிடிலும் ஓய்ந்து விடுவார்கள். தாளக்காரர்கள் இருவரும் மாறி மாறி வாசிப்பார்கள். ஒருவர் ஒன்றைச் சொன்னால் மற்றவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிறகு சொற்களைக் குறைத்துக் குறைத்துக் கொண்டு வந்து இருவரும் சேர்ந்து முடிக்க வேண்டும்.

எதிரில் கெட்டிக்காரர் இருந்தால்தான் நம்முடைய கெட்டிக்காரத்தனமும் வெளியே வரும். ஜோடி சரியில்லாத மாடு ஏரில் நேராகப் போகாது. மணி அய்யரும் பழனியும் ஒருவரால் ஒருவர் வளர்ந்தார்கள்.

பாட்டுக்கு ஏற்ற பக்கம்

1940-களிலும் 1950-களிலும் பழனிக்கு ஓய்வு கிடையாது. மதுரை மணி அய்யர், ஜி.என்.பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள், புல்லாங்குழல் மாலி என்று பெரிய வித்துவான்களுக்கு எல்லாம் வாசித்தார்.

ஒவ்வொருவரும் ஒரு விதம். ஜி.என்.பி. என்று ரசிகர்கள் கொண்டாடிய பாலசுப்பிரமணியம் மின்னல் வேகத்தில் பாடுவார். மதுரை மணி அய்யரின் சுரங்கள் ஆற்று நீர் போல ஓடும். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவியோ கடினமான கணக்கு. மாலியின் குழல் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இவர்கள் எல்லோரும் அவருக்கு ஒரு வகையில் ஆசான்களே. வேகமாகப் பாடுகிறவரோடு வாசிக்கும்போது வேகத்தை அடக்கக் கற்றார். ஓடுகிற சுரத்தோடு சேர்ந்து ஓடக் கற்றார். கணக்கு வந்தால் கணக்கால் பதில் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சும்மா இருக்கவும் கற்றார்! பாட்டில் உருக்கமான இடம் வந்தால் அவர் கை அடங்கி விடும். பிறகு ஒரே ஒரு கும்கி. அந்த ஓசை மண்டபத்தில் மிதக்கும். அவருடைய வலந்தலைச் சாப்பும் கும்கியும், கொஞ்சமும் ஓடாத தாளக் கட்டுப்பாடும் பழனி பாணி என்றே பெயர் பெற்றன.

இடது கைக்காக அவரை ஒதுக்கிய காலம் போயிற்று. அவருடைய மிருதங்கம் வேண்டும் என்பதற்காக மேடையில் இடம் மாறி உட்காரும் காலம் வந்தது!

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்

தமக்குக் கிடைத்த உதவியை சுப்பிரமணிய பிள்ளை தம்மோடு வைத்துக் கொள்ளவில்லை.

நாட்டியப் பேரரசி பாலசரசுவதியின் தம்பி ரங்கநாதன் இவருடைய சீடர். ரங்கநாதன் அமெரிக்காவுக்குப் போய், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். இன்னொரு சீடர் திருச்சி சங்கரன். சிறுவனாக இருந்தபோதே அவரைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக் கச்சேரியில் வாசிக்கச் செய்தார் குரு. அந்தச் சிறுவன் வளர்ந்து, 1971 முதல் கனடா நாட்டின் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பாடம் நடத்தினார். 2011-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார்.

குருவுக்கு அந்த விருது கிடைக்கவில்லை. சீடருக்குக் கிடைத்தது. ஆசானுக்கு அதைவிடப் பெருமை வேறு என்ன?

1962-ல் பழனி சுப்பிரமணிய பிள்ளை காலமானார். அவருக்கு வயது 54 தான்.

யாருக்கு எத்தனை பங்கு?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அவருடைய புகழில் யாருக்கு எத்தனை பங்கு?

செம்பை பாகவதர் ஆதரித்த இளைஞர்கள் பலர். அவர்கள் எல்லோருமே பழனி ஆகிவிடவில்லை. புதுக்கோட்டைக் கணக்கைக் கற்றவர்களும் பலர். அவர்கள் விரலில் எல்லாம் அந்த நாதம் பிறக்கவில்லை. ஆகவே, கை அவருடையது. உழைப்பு அவருடையது. அதை யாரும் கடன் கொடுக்க முடியாது.

ஆனால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தந்தை கடைசி வரை பிடிவாதமாக இருந்திருந்தால்? தட்சிணாமூர்த்திப் பிள்ளை சீடனாக ஏற்காமல் இருந்திருந்தால்? செம்பை, நமக்கு ஏன் வம்பு என்று இருந்திருந்தால்? அதே கை, அதே உழைப்பு, பழனியின் ஒரு தெருவுக்குள் அடங்கிப் போயிருக்கும். நமக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

பழனிக்குப் போகிறவர்கள் காவடியைப் பார்த்திருப்பார்கள். இடும்பன் இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த கதையும் நமக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் காவடி சாய்ந்து விடும். இரண்டு பக்கமும் வேண்டும். அதோடு நடுவில் தாங்குவதற்கு ஒரு தோளும் வேண்டும்.

சுப்பிரமணிய பிள்ளைக்கு ஒரு பக்கம் ஆசான்கள். மறுபக்கம் மேடைத் தோழர்கள். நடுவில் தாங்கிய தோள் அவருடையது.

இதில் பெற்றோருக்கு ஒரு செய்தி உண்டு. உங்கள் குழந்தை இடது கையால் பென்சில் பிடிக்கிறதா? இடது கையால் பந்து எறிகிறதா? அடிக்க வேண்டாம். கையைக் கட்டிப் போட வேண்டாம். அது குறை அல்ல, அந்தக் குழந்தையின் இயற்கை.

இன்று இடது கை மிருதங்கக் கலைஞர்கள் மேடைகளில் வாசிக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த வழியைத் தட்டித் தட்டித் திறந்தது, பழனியில் பிறந்த ஓர் இடது கை.

திறமை உள்ள பிள்ளை எந்த வீட்டிலும் பிறக்கலாம். அதற்கு உட்கார ஓர் இடம் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. அதற்காக நாம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும்!